தூக்குக்குண்டு இல்லாமல் கட்டியது

மெலிஞ்சிமுனையில் மிக உயரமானது
சுவக்கீன் வீட்டுத் தண்ணீர்த்தாங்கி.
அதற்கு அடுத்தது பனை.
அதற்கும் அடுத்து, கடல் அடிக்கிற நாளில், அலை.
இப்படி ஒரு ஊரில்
எனக்கு மலை கட்டச் சொன்னார்கள்.

பாரிஸிலிருந்து காசு வந்தது.
கூடவே ஒரு படம்:
பாறை, பாறையில் குடைவு, குடைவுக்குள் மாதா,
கீழே முழந்தாளில் ஒரு பெண்பிள்ளை.
"இதே மாதிரி, கஸ்பார்" என்றார் சுவாமி.
படத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.
மலைக்குப் பின்னால் என்ன இருக்குமென்று
கேட்க ஆளில்லை.

நாற்பது வருடம் நேர்ச்சுவர் கட்டியவன் நான்.
மலை என்பது எனக்குப் பிரசங்கத்தில் வருகிற சாமான்;
கடுகளவு விசுவாசம் இருந்தால் நகர்த்தலாமாம்.
கட்டுவதற்கு எத்தனை மூட்டை சீமெந்து என்று
வேதத்தில் இல்லை.

கல்லுக்குக் குறைவில்லை.
சண்டையில் விழுந்த வீடுகள் அள்ளாமல் கிடந்தன.
முருகைக்கல், பச்சைப் பூச்சு மாறாத சுவர்த்துண்டு,
அனஸ்தாசியா வீட்டு ஜன்னல் விளிம்பு.
பென்சிலால் ஒரு பிள்ளையின் உயரம்
வருடம் வருடமாய்க் கீறிய கல் ஒன்று.
அதை மட்டும் உட்பக்கமாய்த் திருப்பி வைத்தேன்.

ஆறடிக்கு எழும்பியபோது
சாந்து குழைக்க வந்த மரியாயி சிரித்தாள்.
"இது மலையில்ல மேசனாரே, மதிலு."

அவள் மலையில் பிறந்தவள், லயத்துக் காம்பராவில்.
இங்கே மணமுடித்து வந்தபோது
மாரியாயியில் ஒரு துணைக்காலை எடுத்துவிட்டு
ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.
"ஒரு காலு போச்சு, நொண்டிப் பழகிட்டேன்" என்பாள்
முகத்தில் எதுவும் இல்லாமல்.

"தூக்குக்குண்ட வீட்டுல வச்சிட்டு வாங்க.
மலை நேரா நிக்காது."

முதல் நாள் வெட்கமாயிருந்தது,
உடுப்பில்லாமல் வேலைக்கு வந்ததுபோல.
கை தானாகவே நேராக்கும்.
அவள் வந்து கரண்டிப் பிடியால் தட்டிக் கோணலாக்குவாள்.
பத்தாம் நாள்
கோணலில் ஒரு கணக்கு இருப்பது பிடிபட்டது.

பதினாலாம் அடியில் கேட்டாள்:
"தண்ணிக்கு வழி எங்க?"
மோட்டர் இருக்கு, குழாய் இருக்கு,
மாதாவின் வலப்பக்கம் ஊற்று,
சுவிச் கோயில் அறைக்குள்ளே என்றேன்.
"அது நீங்க குடுக்குற தண்ணி.
மலை குடிக்கிற தண்ணிக்கு?"

பிறகு சொன்னாள்,
கூடை மண்ணைக் கொட்டுவதுபோல ஒரே தடவையில்:
ஏழு காம்பரா. நாலு நாள் மழை.
முதலில் பீலியில் கலங்கல்.
யாரும் பார்க்கவில்லை.
விடியும்போது மூன்று காம்பரா.
கொட்டிவிட்டு வெறும் கூடையோடு
மணல் குவியலுக்குப் போய்விட்டாள்.

மாதாவின் பாதத்துக்குக் கீழே
இரண்டங்குலக் குழாய்த்துண்டொன்றைச்
சாய்வாய்ச் செருகினேன்.
படத்தில் அது இல்லை.
சுவாமிக்குச் சொல்லவுமில்லை.

அமலோற்பவத் திருநாள்.
பண்ணைப் பாலம் கடந்து வான் வானாய் யாத்திரிகர்.
மாரி மூன்று நாளாய் விடவில்லை.
கரண்ட் போய், சுவிச் ஊற்று
நடுப்பாட்டில் நின்றது.
அப்போதுதான் யாரோ கத்தினார்கள்:
மாதாவின் காலடியில்
தண்ணீர்!

போத்தல், சட்டி, ஒரு பிள்ளையின் பால்போச்சி.
கண் தெரியாத நீக்கிலாப்பிள்ளை
நெற்றி முழுக்கத் தடவிக்கொண்டார்.
சுவாமி என்னைப் பார்த்தார்.
நான் மெழுகுதிரியைப் பார்த்தேன்.
பொய் சொல்லவில்லை நான்.
ஒருவரும் கேட்கவுமில்லை.

எல்லாரும் போனபிறகு
சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மரியாயி வந்தாள்.
செபிக்கவில்லை. குடிக்கவில்லை.
உள்ளங்கையில் ஏந்தி
ரோச் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்,
அரிசியில் கல் பார்ப்பதுபோல.

"தெளிவாத்தான் வருது" என்றாள்.
"இன்னைக்கி ராத்திரி தூங்கலாம்."